வாழ்நெறியை எழுதி வைத்தல்: மயிலாப்பூரும் அடையாறும் காட்டும் வழிகள்

ஒருவர் தாம் எதை நம்புகிறார், எதற்காக உழைப்பார், எதை எந்த நிலையிலும் செய்யமாட்டார் என்பதைத் தம் சொற்களில் சுருக்கமாக எழுதி வைத்துக்கொள்வதை வாழ்நெறிக் குறிப்பு எனலாம். நாட்குறிப்பு நடந்ததைப் பதிவு செய்கிறது; வாழ்நெறிக் குறிப்பு நடக்கப்போவதற்கு முன்கூட்டியே வரம்பு கட்டுகிறது. சட்டமும் வரம்பு கட்டத்தான் செய்கிறது, ஆனால் அதை இயற்றுபவரும் மீறினால் தண்டிப்பவரும் வேறு யாரோ. மதங்களின் விசுவாச அறிக்கையும் இதிலிருந்து வேறுபட்டது. சாந்தோம் பேராலயம் போன்ற கத்தோலிக்க ஆலயங்களில் சொல்லப்படும் நைசியா விசுவாச அறிக்கை 325இலும் 381இலும் கூடிய திருச்சபைப் பேரவைகளில் உருவானது. அதைச் சொல்பவர் ஒரு சமூகத்தின் நம்பிக்கையில் தம்மை இணைத்துக்கொள்கிறார். வாழ்நெறிக் குறிப்பிலோ எழுதுபவரும் கட்டுப்படுபவரும் தவறினால் கேள்வி கேட்பவரும் ஒருவரே. அதன் வலிமையும் பலவீனமும் அங்கிருந்தே பிறக்கின்றன.

தென்சென்னையின் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இந்த எழுத்துவகையின் ஏறத்தாழ எல்லா வடிவங்களும் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் தோன்றியிருக்கின்றன. பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றுக்கு வந்தது. விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் சென்னையில் சொற்பொழிவாற்றினார். அதே ஆண்டு அவருடைய சக துறவி ராமகிருஷ்ணானந்தர் வந்து ராமகிருஷ்ண மடத்தைத் தொடங்கினார், பிறகு அது மயிலாப்பூரில் நிலைகொண்டது. ஒரு பக்கம் கிறிஸ்தவக் கல்லூரிகளின் கேள்விகள், மறுபக்கம் தேசிய இயக்கத்தின் அழைப்பு, வீட்டுக்குள் பரம்பரை ஆசாரம். அன்று சென்னையில் படித்த ஓர் இளைஞர் எதை நம்புகிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லியே ஆகவேண்டிய நெருக்கடி இருந்தது. பிறப்பிலேயே விடை கிடைத்துவிடும் என்ற நிலை போய்விட்டபோதுதான் தனிமனிதர் தம் நெறியை எழுத முற்படுகிறார்.

நீதிநூல் என்னும் பழைய வடிவம்

நெறியைச் சுருக்கிச் சொல்லும் கலை தமிழுக்குப் புதிதன்று. வள்ளுவர் மயிலாப்பூரில் பிறந்தவர் என்பது நெடுங்காலச் செவிவழிச் செய்தி. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்கு அருகில் அவருக்கும் கோயில் இருக்கிறது. ஔவையாரின் ஆத்திசூடி 109 சிற்றடிகளில் அகர வரிசைப்படி அமைந்தது. குழந்தை எழுத்தைக் கற்கும்போதே நெறியும் நாவில் ஏறிவிடும். மனப்பாடத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு அமைவது அரிது. ஆனால் இந்நூல்கள் அனைத்தும் முன்னிலையில் பேசுகின்றன. செய் என்றும் செய்யாதே என்றும் ஏவுகின்றன. எழுதியவர் தம்மைப் பற்றி எதையும் அறிவிப்பதில்லை. மரபு திரட்டி வைத்த அறிவை ஒருவர் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறார்.

இந்த வடிவத்துக்குள் ஒரு தனிமனிதரின் குரல் நுழைந்தது பாரதியின் புதிய ஆத்திசூடியில். 110 அடிகள், அதே அகர வரிசை, அதே ஏவல் வினைகள், உள்ளடக்கம்தான் வேறு. ஔவை அறம் செய்வதிலிருந்து தொடங்குகிறார், பாரதி அச்சத்தை விடுவதிலிருந்து தொடங்குகிறார். சோதிடத்தை இகழச் சொல்வதும், சாவுக்கு அஞ்சாதிருக்கச் சொல்வதும், கொடுமையை எதிர்த்து நிற்கச் சொல்வதும் பழைய பட்டியலில் இல்லாதவை. மரபு தந்த நெறிப்பட்டியலை ஒருவர் கையிலெடுத்து, இதில் எனக்கு எது ஏற்பு, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துத் திருத்தி எழுதலாம் என்பதை அது நிறுவியது. பின்னர் பாரதிதாசனும் தமக்கென ஓர் ஆத்திசூடி எழுதினார்.

பாரதி இன்னும் ஒரு படி போனார். புதுச்சேரி மணக்குள விநாயகரை முன்னிறுத்தி எழுதிய விநாயகர் நான்மணிமாலையில் தம் தொழில் இன்னது என்று மூன்றாக வகுத்துச் சொல்கிறார்: கவிதை எழுதுவது, நாட்டுக்கு உழைப்பது, ஒரு கணமும் சோர்ந்துபோகாதிருப்பது. ஏவல் மறைந்து தன்மைக் குரல் வந்துவிட்ட இடம் அது. முதலிரண்டும் வேலைகள், மூன்றாவது அந்த வேலைகளைச் செய்யும்போது இருக்கவேண்டிய மனநிலை. தமிழில் எழுதப்பட்ட வாழ்நெறிக் குறிப்புகளில் அதைவிடச் சுருக்கமானதைக் காட்டுவது கடினம். வறுமையும் ஒற்றர் தொல்லையும் சூழ்ந்த புதுச்சேரி ஆண்டுகளில் எழுதப்பட்டது என்பதால் மூன்றாவது உறுப்பின் தேவை விளங்குகிறது. எந்த இடத்தில் தாம் உடைந்துபோகக்கூடும் என்பதை அறிந்தவர் எழுதிய குறிப்பு அது.

சபதமாக எழுதிய நெறி

நம்பிக்கையை அறிவிப்பது ஒன்று, இன்னின்னபடி நடப்பேன் என்று பிறர் முன்னிலையில் வாக்குக் கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு நவீன இந்தியாவில் தெளிவான முன்மாதிரி கோபால கிருஷ்ண கோகலே 1905இல் புணேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம். அதில் சேர்பவர் ஏழு உறுதிமொழிகளை ஏற்கவேண்டும். நாடே தம் எண்ணத்தில் முதலிடம் பெறும், நாட்டுப் பணியில் சொந்த லாபம் தேடுவதில்லை, சாதி, மத வேறுபாடு கருதாமல் இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதி உழைப்பது, தமக்கும் குடும்பத்துக்கும் சங்கம் தரும் படியோடு நிறைவடைந்து வேறு வருவாய்க்கு முயலாதிருப்பது, தூய தனிவாழ்க்கை, யாரோடும் சொந்தச் சண்டையில் இறங்குவதில்லை, சங்கத்தின் நோக்கங்களுக்கு ஊறு செய்யாதிருப்பது.

வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி அந்தப் பதவியை விட்டு 1907இல் இச்சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். ஏழு உறுதிமொழிகளையும் ஒருசேரப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். நாடு முதலிடம் பெறும் என்பது உயர்ந்த வாசகம். ஆனால் அதை ஒருவர் மீறினாரா இல்லையா என்று சொல்வது எளிதன்று. படியோடு நிறைவடைவேன் என்பதை மீறினால் அன்றே தெரிந்துவிடும். சொந்தச் சண்டை இல்லை என்பதும் அப்படியே. உடைந்தால் உடைந்தது என்று கண்ணுக்குத் தெரியக்கூடிய வாசகங்களே ஒரு குறிப்புக்கு உயிர் கொடுக்கின்றன. மற்றவை திசை காட்டலாம், கட்டுப்படுத்தா.

ஆறாவது உறுதிமொழி சாஸ்திரியின் வாழ்வில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. ரௌலட் மசோதாவைச் சட்டமன்றத்தில் வன்மையாக எதிர்த்துப் பேசியவர் அவர். ஆயினும் அதற்கெதிராகக் காந்தி தொடங்கிய சத்தியாக்கிரகத்தையோ பின்வந்த ஒத்துழையாமையையோ அவர் ஏற்கவில்லை. அரசியலில் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நின்றார்கள். நட்பு குலையவில்லை. 1946 ஜனவரியில் தியாகராய நகரில் தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையின் வெள்ளிவிழாவுக்குக் காந்தி வந்தபோது சாஸ்திரி நோயுற்றுச் சென்னை மருத்துவமனையில் இருந்தார். காந்தி அங்கே சென்று அவரைச் சந்தித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் சாஸ்திரி காலமானார். கருத்தில் விட்டுக்கொடுக்காமலும் உறவில் கசப்பு சேராமலும் கால் நூற்றாண்டுக்கு மேல் நிற்பது இயல்பாக நடந்துவிடும் காரியமன்று. சொந்தச் சண்டை கூடாது என்ற ஒரே வரி அதற்கு எவ்வளவு துணைசெய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காந்தியின் ஆசிரம விரதங்கள் சென்னையோடு நேரடித் தொடர்புடையவை. 1915இல் சென்னைக்கு வந்தபோது தம்மைச் சந்தித்த மாணவர்களிடம், இந்தியாவில் எங்கேனும் ஓர் ஆசிரமம் அமைக்கப்போவதாக அவர் சொல்லியிருந்தார். மே மாதம் அகமதாபாத்துக்கு அருகில் கோச்ரபில் அது தொடங்கியது. 1916 பிப்ரவரி 16 அன்று சென்னை ஒய்.எம்.சி.ஏ.வில் அந்த ஆசிரமத்தின் விரதங்களை ஒவ்வொன்றாக விளக்கி உரையாற்றினார். வாய்மை, அகிம்சை, பிரம்மச்சரியம், நாவடக்கம், திருடாமை, சுதேசி, அஞ்சாமை, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. விதிகளின் வரைவை முன்பே பலருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். தமக்கான நெறியை எழுதும் ஒருவர் அதைக் குறைகூறும்படி பிறரை வேண்டுவது அபூர்வம். ஆசிரமத்தில் முதலில் இருந்த ஏறத்தாழ 25 பேரில் 13 பேர் தமிழர்கள் என்று தம் சுயசரிதையில் அவர் குறிப்பிடுகிறார். ஆகவே சென்னையில் அந்த உரையைக் கேட்டவர்களுக்கு அது எங்கோ நடக்கும் சோதனையாக இருந்திருக்காது.

அந்த உரைக்கு முன்பே விரதங்களில் ஒன்று விலை கேட்டிருந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட தூதாபாய், அவர் மனைவி தானிபென், குழந்தை லட்சுமி ஆகியோரை ஆசிரமம் ஏற்றுக்கொண்டதும் வெளியிலிருந்து வந்த நன்கொடை நின்றுபோனது. கிணற்றடியில் வசைகள் எழுந்தன. ஆசிரமத்துக்குள்ளேயே மனத்தாங்கல் ஏற்பட்டது. பெயர் சொல்லாத ஒருவர் வந்து 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும்வரை அடுத்த மாதச் செலவுக்கு வழியில்லை. ஒதுக்கப்பட்டோர் குடியிருப்புக்கே போய்விடவும் காந்தி ஆயத்தமாயிருந்தார். எழுதப்பட்ட நெறி இல்லாமலிருந்தால் சூழ்நிலையைக் காட்டி அந்தக் குடும்பத்தைப் பின்னர் வரச் சொல்லியிருக்கலாம். எழுதியிருந்ததால் பேரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நெறியை முன்கூட்டியே எழுதி வைப்பதன் முதன்மையான பயன் இது: நெருக்கடி வரும் நேரத்தில் புதிதாக முடிவெடுக்கும் சுமையை அது நீக்குகிறது. நெருக்கடியில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் அச்சம் எடுக்கும் முடிவு.

1930இல் எரவாடா சிறையிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆசிரமத்தாருக்கு ஒரு விரதத்தைப் பற்றிக் காந்தி கடிதம் எழுதினார். அதற்குள் விரதங்கள் பதினொன்றாகியிருந்தன; உடலுழைப்பும் எல்லாச் சமயங்களையும் சமமாக மதிப்பதும் சேர்ந்திருந்தன. விரதம் ஏன் தேவை என்பதையே பொருளாகக் கொண்ட கடிதத்தில் அவர் ஒன்றை அழுத்திச் சொல்கிறார். இயன்றவரை செய்வேன் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் முதல் சபலத்திலேயே வீழ்ச்சிக்கு வழி வைத்தாயிற்று என்பது அவர் கருத்து. இந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. ஒருநாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்று குறிப்பையே கைவிடுபவர்கள் பலர். அவர்களுக்கு வாசகத்தைத் தளர்த்துவதைவிட எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. பதினொன்றை இயன்றவரை காப்பதைக் காட்டிலும் இரண்டை முழுதாகக் காப்பதே மனத்துக்கு வலிமை தரும்.

எழுதாமலும் நெறியைக் கட்டாயமாக்கலாம், மற்றொருவரிடம் நிபந்தனையாக வைத்துவிட்டால். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது, தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே உறுதி பெற்றார். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும், 1930இல் தொடங்கிய அவ்வை இல்லத்திலும், 1954இல் அடையாற்றில் திறந்த புற்றுநோய் மருத்துவமனையிலும் அவர் செய்தவற்றுக்கு அந்த வாக்குறுதி வழிவிட்டது. மண வாழ்வில் நுழையும் முன் ஒரு பெண் தன் நெறியைச் சொல்லி அதற்கு ஒரு சாட்சியையும் ஏற்படுத்திக்கொண்ட இந்த நிகழ்வு, தனியறையில் எழுதி மடித்து வைக்கும் எத்தனையோ தாள்களைவிட உறுதியானது.

அடையாறு: எழுதுவதா, மறுப்பதா

பிரம்மஞான சபை தன் உறுப்பினர் எவருக்கும் நம்பிக்கை அறிக்கை எதையும் விதிக்கவில்லை. மூன்று நோக்கங்களுக்கு இசைவு தெரிவித்தால் போதும். இனம், மதம், பால், சாதி, நிற வேறுபாடற்ற சகோதரத்துவம். மதங்களையும் தத்துவத்தையும் அறிவியலையும் ஒப்பிட்டுப் படிப்பது. இயற்கையிலும் மனிதனிலும் விளக்கப்படாதவற்றை ஆராய்வது. சபையின் பொதுக்குழு 1924இல் சிந்தனைச் சுதந்திரம் பற்றிய தீர்மானத்தையும் நிறைவேற்றியது. சபையின் எந்தக் கொள்கையும், எந்த ஆசிரியரும் உறுப்பினரைக் கட்டுப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். நம்பிக்கையை உறுப்பினரிடமே விட்டுவிட்டு நடத்தையில் மட்டும் ஓர் இணக்கத்தைக் கேட்கும் ஏற்பாடு அது.

1907 முதல் அதன் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் நெறி மாற்றத்துக்கே ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் ஒரு மதகுருவின் மனைவியாக இருந்து, நம்பிக்கை போனபின் நற்கருணை பெற மறுத்து வீட்டை விட்டு வெளியேறினார். நாத்திக இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளரானார், பிறகு பிரம்மஞானத்தை ஏற்றார். மாறியபோதெல்லாம் மாற்றத்தின் காரணத்தை வெளிப்படையாக எழுதினார். 1889இல் நான் ஏன் பிரம்மஞானியானேன் என்று விளக்கினார். 1891இல் பழைய தோழர்களுக்கு முன்பாகவே அவர்கள் அரங்கில் நின்று விடைபெற்றுப் பேசினார். நெறியை மாற்றுவது குற்றமன்று, சொல்லாமல் மாற்றுவதே குற்றம் என்ற மனப்பாங்கு அதில் தெரிகிறது.

ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியின் வரலாறு இக்கேள்வியை அடியோடு புரட்டுகிறது. 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். தந்தை சபையில் வேலை பார்த்ததால் சிறுவயதில் அடையாற்றுக்கு வந்தார். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் சபையின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான லெட்பீட்டர் அச்சிறுவனைக் கண்டார். அடுத்த ஆண்டே அல்சியோன் என்ற புனைபெயரில் ‘குருவின் திருவடியில்’ என்ற சிறுநூல் வெளிவந்தது. விவேகம், ஆசையின்மை, நல்லொழுக்கம், அன்பு என்ற நான்கு தகுதிகள். நல்லொழுக்கத்துக்குள் மனக்கட்டுப்பாடு, செயற்கட்டுப்பாடு, சகிப்பு, மலர்ச்சி, ஒருமுகம், நம்பிக்கை என்று ஆறு உட்பிரிவுகள். வேதாந்தம் சொல்லும் சாதன சதுஷ்டயத்தை அறிந்தவர்களுக்கு இந்த அடுக்கு பழகியதே. அழகான, ஒழுங்கான, பல மொழிகளில் இலட்சக்கணக்கானோர் கைக்கொண்ட நெறிநூல். ஆனால் அதன் முன்னுரையிலேயே, இவை தம் சொற்களல்ல, தமக்குக் கற்பித்த குருவின் சொற்கள் என்று சிறுவனான அந்த ஆசிரியர் சொல்லிவிட்டார். நெறிநூலாக அது எவ்வளவு நன்றாயினும், ஒருவர் தமக்கென எழுதிக்கொண்ட நெறியாக அதைக் கொள்ள இயலாது.

1911இல் அவரைத் தலைவராகக் கொண்டு கீழ்த்திசை நட்சத்திரச் சங்கம் அமைந்தது. அதற்கென அறிவிப்பு வாசகங்களும் இருந்தன. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்து நாட்டின் ஓமன் முகாமில் பெசன்ட் முன்னிலையில், ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடியிருக்க, கிருஷ்ணமூர்த்தி அந்தச் சங்கத்தைக் கலைத்தார். மெய்மைக்குப் போட்டு வைத்த பாதை இல்லை, அதை அமைப்பாக்க முடியாது என்பது அவர் வாதம். பிறர் வகுத்த நெறியைப் பின்பற்றுகிறவர் தம்மை நேராகப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். தாம் இப்போது எப்படி இருக்கிறோம் என்பதைக் காணாமல் எப்படி இருக்கவேண்டும் என்ற படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபக்காரர் ஒருவர் அகிம்சையை இலட்சியமாக எழுதிக்கொண்டால் கோபம் போகாது, கோபத்தைப் பார்க்கும் கண் மட்டும் மூடிக்கொள்ளும். வாழ்நெறிக் குறிப்புகளின் மீது இதுவரை வைக்கப்பட்ட மறுப்புகளில் வலுவானது இது. காந்தியின் கண்டிப்பை ஏற்பவர் எவரும் இதற்கு விடை சொல்லாமல் கடந்துபோக முடியாது.

ஒரு விடை கிருஷ்ணமூர்த்தியின் வாழ்விலேயே இருக்கிறது. 1980 அக்டோபர் 21 அன்று, எண்பத்தைந்தாம் வயதில், தம் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த மேரி லட்யன்ஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தம் போதனையின் மையத்தைச் சில பத்திகளில் எழுதிக் கொடுத்தார். அமைப்பாலோ சடங்காலோ கோட்பாட்டாலோ மெய்மையை அடைய முடியாது என்று அதில் மீண்டும் சொல்கிறார். உறவுகள் என்னும் கண்ணாடியில் தன்னைக் கவனிப்பதையே முன்வைக்கிறார். செய்யவேண்டியவை என்று ஒரு பட்டியலும் இல்லை. ஆயினும் அது தேதியிட்டு எழுதப்பட்ட, ஒருவரது ஆழ்ந்த உறுதியின் சுருக்கம். எழுதுவதையே அவர் மறுத்துவிடவில்லை. எழுதியதை மற்றவர் வேதமாக்குவதையும், எழுதியவரே அதன்பின் பார்ப்பதை நிறுத்துவதையும்தான் மறுத்தார் என்று கொள்வது பொருந்தும். 1986 ஜனவரியில் அடையாறு பசுமைவழிச் சாலை வசந்த விஹாரில் தம் இறுதிச் சொற்பொழிவுகளை ஆற்றி, பிப்ரவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஓஹாயில் மறைந்தார்.

கேள்விக்கு விடையாக எழுந்த குறிப்புகள்

பலரது வாழ்நெறிக் குறிப்பு தாமாக உட்கார்ந்து எழுதியதன்று. யாரோ கேட்ட கேள்விக்கு விடையாக வந்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது இந்து சமயத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குறைகூறலைக் கேட்டார். அதற்கு மறுமொழியாக வேதாந்தத்தின் அறவியல் பற்றிய அவரது முதுகலை ஆய்வுரை 1908இல் வந்தது. பின்னர் 1937இல் தம் உண்மைத் தேடலைப் பற்றியும் 1952இல் தம் ஒப்புதல் வாக்குமூலமாகவும் இருமுறை தம் நெறியை எழுதினார். மயிலாப்பூரில் இன்று அவர் பெயர் தாங்கும் சாலையிலுள்ள ‘கிரிஜா’ இல்லத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார்.

அவர் தத்துவ அறிஞர் மியூர்ஹெட்டுடன் இணைந்து 1936இல் வெளியிட்ட இக்கால இந்தியத் தத்துவத் தொகுப்பில் காந்தியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தார். உங்கள் மதம் எது? அதை எப்படி வந்தடைந்தீர்கள்? சமூக வாழ்வில் அதன் விளைவு என்ன? தம் நெறியை எழுத விரும்பும் எவருக்கும் இதைவிட நல்ல வரிசை கிடைப்பது அரிது. முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறவர்கள் மிகுதி. இரண்டாவது கேள்வி, அந்த நம்பிக்கை கேட்டு ஒப்பித்ததா வாழ்ந்து பெற்றதா என்பதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது கேள்வியோ வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தரும் கூலியிலிருந்து வாக்களிக்கும் முறைவரை நெறியை இறக்கிக் கொண்டுவரும்.

மேற்கிலும் இந்த வழக்கம் செழித்தது. டால்ஸ்டாய் 1884இல், பெர்ட்ரண்ட் ரஸல் 1925இல், ஐன்ஸ்டைன் 1930இல், இ. எம். ஃபாஸ்டர் 1938இல் தாங்கள் நம்புவதை எழுதினார்கள். 1951இல் அமெரிக்க வானொலியில் எட்வர்ட் மர்ரோ நடத்திய நிகழ்ச்சி சாதாரண மக்களையும் சில நிமிடங்களில் தம் நம்பிக்கையைச் சொல்லவைத்தது. அவர்களுக்கெல்லாம் முந்தைய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, தவறிய நாள்களில் கறுப்புப் புள்ளி வைத்தார். வானொலியில் சொல்லிய நம்பிக்கையைவிட ஃபிராங்க்ளினின் புள்ளிகள் சாஸ்திரியின் ஏழு உறுதிமொழிகளுக்கு நெருங்கியவை.

எழுதும் முறையும் இடர்களும்

இவ்வளவு வடிவங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, நிலைத்த குறிப்புகளுக்குச் சில பொதுவான இயல்புகள் தெரிகின்றன. அவை குறுகியவை, பாரதிக்கு மூன்று, கோகலேக்கு ஏழு. தன்மையில் எழுதப்பட்டவை, அல்லது தன்மையில் சொல்லி ஏற்கப்பட்டவை. குறைந்தது ஒரு மறுப்பாவது அவற்றில் இருக்கும். நேர்மையாக இருப்பேன் என்ற வாசகத்தோடு ஒருவர் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் வசதியாக வாழ்ந்துவிடலாம். மகன் திருமணத்துக்கு வரதட்சணை வாங்கமாட்டேன் என்று எழுதியவருக்கு ஒரு குறிப்பிட்ட நாளில், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், அந்தத் தாள் நினைவுக்கு வந்தே தீரும்.

மனப்பாடம் ஓர் இடர். தமிழ்நாடு அரசுப் பாடநூல்களின் முதற்பக்கங்களில் தீண்டாமைக்கு எதிரான வாசகம் அச்சாகியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் படித்தே வளர்ந்திருக்கிறார்கள். அந்த வாசகம் அங்கே இருப்பது அவசியம். ஆனால் அதைப் படித்தவர்களே வீடு வாடகைக்கு விடும்போது சாதி கேட்கிறார்கள் என்றால், அச்சிலிருந்த வாசகம் அவர்கள் நெறியாகவில்லை என்பது தெளிவு. கோச்ரபில் அதே கொள்கை ஒரு குடும்பத்தை உள்ளே அழைத்துக்கொண்டது, நன்கொடையை இழந்தது. தமக்கென எழுதும்போது அந்தக் கொள்கை யாருக்குக் கதவைத் திறக்கும், எதை இழக்கவைக்கும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது எழுதியவருடையதாகும்.

பெருமிதம் இன்னோர் இடர். குறிப்பை ஊரறியச் சொல்வதால் சாட்சி கிடைக்கிறது. கூடவே பாராட்டும் கிடைக்கிறது. பாராட்டுக்குப் பழகிய நெறி கேள்வியைத் தாங்காது. அதனால் ஒரே ஒருவரிடம், நெருங்கிய நண்பரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ காட்டி வைப்பது நடுவழி. மீறும்போது கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடவேண்டும். முத்துலட்சுமி ரெட்டி செய்தது ஏறத்தாழ இதுவே.

திருத்தம் எப்போது என்பது கடைசிக் கேள்வி. கடவுளே உண்மை என்று சொல்லிவந்த காந்தி பின்னர் உண்மையே கடவுள் என்று மாற்றிச் சொன்னார். தம் எழுத்துகளில் முரண்பாடு தென்பட்டால் பிந்தையதை எடுத்துக்கொள்ளும்படி 1933இல் வாசகர்களுக்கு எழுதினார். பெசன்ட் மாறியபோது அரங்கேறி அறிவித்தார். ஆனால் சபலம் பிடித்தாட்டும் நாளில் செய்யும் திருத்தம் திருத்தமாகாது. மீறவேண்டிய தேவை எதுவும் எதிரே நிற்காத அமைதியான காலத்தில், காரணத்தை எழுதித் திருத்துவதே முறை. ஒவ்வொரு வடிவத்துக்கும் தேதியிட்டு, பழையதைக் கிழித்தெறியாமல் புதியதோடு சேர்த்து வைக்கவேண்டும். எந்த ஆண்டில் எந்த வரி நீங்கியது, எதற்காக நீங்கியது என்பது அந்தத் தாள்களை வரிசையாகப் படித்தால் தெரியும்.